ஆவடிக்கும் கடற்காற்று வரும், தெரியுமா?

சித்திரை வெயில். அம்பத்தூர் எஸ்டேட்டில் முதல் ஷிஃப்ட் விட்டு வெளியே வருகிறீர்கள். தார் ரோடு கொதிக்கிறது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. திடீரென்று கிழக்கேயிருந்து ஒரு காற்று! கொஞ்சம் ஈரம், கொஞ்சம் குளுமை. ‘அப்பாடா!’ என்று டீக்கடை ஓரமாக நிற்கிறீர்கள். உங்களைத் தொடுவதற்குச் சற்று முன்னால் அந்தக் காற்று என்ன செய்துகொண்டிருந்தது தெரியுமா? சென்னைத் துறைமுகத்துக்குள் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒன்றின் படகுப் பாயைப் புடைக்க வைத்துக்கொண்டிருந்திருக்கும்!

பாய்மரப் படகா? அதெல்லாம் நார்வே மாதிரி நாட்டில், தீவு தீவாக வெள்ளைக்காரர்கள் கூட்டமாகப் போய் விடுமுறை கழிக்கும் சமாச்சாரம். ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் அதில் என்ன வேலை என்கிறீர்களா? படித்துவிட்டுச் சொல்லுங்கள்!

காற்றுக்கும் ஷிஃப்ட் உண்டு, தெரியுமா?

காலையில் வெயில் ஏற ஏற நிலம் சீக்கிரம் சூடாகிறது. கடல் சாவகாசமாகத்தான் சூடாகும். நிலத்தின் மேலுள்ள சூடான காற்று மேலே கிளம்ப, அந்த இடத்தைப் பிடிக்கக் கடல் பக்கத்துக் குளிர்ந்த காற்று உள்ளே பாய்கிறது. அதுதான் கடற்காற்று! முதலில் மெரினாவுக்கு வரும். பிறகு நுங்கம்பாக்கம், அண்ணா நகர் என்று கடந்து நம்ம பக்கம் எட்டிப் பார்க்கும். மே மாதத்தில் மேல்காற்று பலமாக அடித்தால் கடற்காற்று தாமதமாகும். அன்றைக்குத்தான் நமக்கு அனல்! ராத்திரியில் எல்லாம் தலைகீழ்: நிலம் சீக்கிரம் குளிர்ந்துவிட, காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகும். பாய்மரம் மட்டுமே இருந்த காலத்தில் நம் மீனவர்கள் விடியுமுன் நிலக்காற்றில் கடலுக்குள் போனார்கள், பகலில் கடற்காற்றில் கரை திரும்பினார்கள். போகவர ஒரு சொட்டு டீசல் கிடையாது!

இந்தத் திசைகளுக்கெல்லாம் தமிழில் தனித்தனிப் பெயர் உண்டு. வடக்கே இருந்து வந்தால் வாடை. தெற்கே இருந்து வந்தால் தென்றல். மேற்கே இருந்து கோடை. கிழக்கே இருந்து கொண்டல்! சாயங்காலம் உங்கள் சட்டையை உலர்த்துகிறதே, அது கொண்டல்தான்.

எதிர்க்காற்றிலும் படகு முன்னேறும், தெரியுமா?

காற்று பின்னாலிருந்து தள்ளினால் படகு போகும். இது சின்னப் பிள்ளைக்கும் புரியும். ஆனால் காற்று எதிரிலிருந்து அடிக்கும்போதும் பாய்மரப் படகு முன்னால் போகுமே, எப்படி? நேராகப் போகாது. காற்று வரும் திசைக்கு ஏறக்குறைய 45 டிகிரி சாய்ந்து கொஞ்ச தூரம் இடது பக்கம், பிறகு திரும்பிக் கொஞ்ச தூரம் வலது பக்கம் என்று நெளிந்து நெளிந்து ஏறும். வளைந்த பாய் விமானச் சிறகு மாதிரி வேலை செய்கிறது. படகுக்கு அடியில் தண்ணீருக்குள் ஒரு பலகை நிற்கிறது. அது படகைப் பக்கவாட்டில் நழுவ விடாது. பக்கத்துக்குப் போக வழியில்லாத விசை, படகை முன்னால் தள்ளிவிடுகிறது. சோப்புக்கட்டியை இரண்டு விரலால் அழுத்தினால் வழுக்கிக்கொண்டு முன்னால் பாயுமே, அதே கதை!

1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், அம்பத்தூரை சைக்கிளுக்குப் பேர்போன ஊராக்கியது. எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்தவருக்குத்தான் இந்த வித்தையின் அருமை தெரியும். நேராக முட்டினால் முழங்கால் போச்சு. படகோ அதே எதிர்க்காற்றையே சம்பளமில்லா வேலையாளாக வைத்துக்கொள்கிறது!

கணித மேதைக்கும் படகுக் கிளப்புக்கும் ஒரே புரவலர், தெரியுமா?

ஆவடியிலிருந்து சென்னை கடற்கரை நிலையத்துக்குப் போகும் மின்சார ரயிலில் ஏறுங்கள். நீங்கள் போகும் தடம் சாதாரணமானதல்ல! 1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியதே தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில், அது அம்பத்தூர், ஆவடி வழியாகத்தான் போனது. கடலோரத்தையும் நம்ம ஊரையும் ஒரே கயிற்றில் கட்டி 160 வருஷத்துக்கு மேலாகிறது!

கடற்கரை நிலையத்தில் இறங்கினால் எதிரே துறைமுகம். அதற்குள்ளே 1911-இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப். தொடங்கியவர் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். கிளப் இருக்கும் படகுத்துறைக்கே ஸ்பிரிங்ஹேவன் என்று அவர் பெயர்தான். அடுத்த வருஷம், 1912 மார்ச் 1-ஆம் தேதி, அதே துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்கு ஓர் இளைஞர் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். யார் தெரியுமா? சீனிவாச ராமானுஜன்! அவர் திறமையை உலகம் அறியச் செய்ய முன்னின்று உதவியவர்களில் ஸ்பிரிங்கும் ஒருவர். ஒரே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு ஒரு கையால் பாய்மரத்தையும் இன்னொரு கையால் கணிதத்தையும் தூக்கிவிட்டிருக்கிறார் மனிதர்!

கோடை முகாமிலிருந்து ஒலிம்பிக், தெரியுமா?

ஆப்டிமிஸ்ட் என்று ஒரு குட்டிப் படகு. நீளம் 2.3 மீட்டர், எடை 35 கிலோ. முன்பக்கம் மொட்டையாக, குளியல் தொட்டி மாதிரி இருக்கும். 1947-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கிளார்க் மில்ஸ் என்பவர், சாதாரணப் பிளைவுட் பலகையில் செலவு குறைவாகச் செய்யும்படி பிள்ளைகளுக்காக வடிவமைத்தது. இன்று உலகமெங்கும் பிள்ளைகள் பாய்மரம் பழகுவது பெரும்பாலும் இதில்தான். பதினைந்து வயது வரை போட்டியில் ஓட்டலாம். ஒரு படகுக்கு ஒரே ஒரு பிள்ளை. அப்பாவும் கூட ஏற முடியாது, டியூஷன் மாஸ்டரும் ஏற முடியாது!

தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கத்தின் கோடை முகாமில் இப்படிப் பழக ஆரம்பித்த சென்னைப் பெண் நேத்ரா குமணன். 2021 ஏப்ரலில் ஓமனில் நடந்த தகுதிப் போட்டி மூலம், ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார்! டோக்கியோவில் 35-ஆவது இடம். 2024 பாரிஸில் 21-ஆவது இடம். அதே சென்னையின் கே.சி.கணபதியும் வருண் தாக்கரும் இருவர் ஓட்டும் படகில் 2018 ஆசிய விளையாட்டில் வெண்கலம் வாங்கி, டோக்கியோவுக்கும் போனார்கள். அதே ஆசிய விளையாட்டில் வர்ஷா கௌதம், ஸ்வேதா ஷெர்வேகருடன் சேர்ந்து வெள்ளி!

‘அவங்கெல்லாம் கடலோரத்துப் பிள்ளைங்க’ என்கிறீர்களா? விஷ்ணு சரவணன் பிறந்தது வேலூரில். அலையும் இல்லை, கடலும் இல்லை. வெயில் மட்டும் உண்டு! ராணுவத்தில் இருந்த அப்பா பாய்மரம் பழக்கினார், மகனும் ராணுவத்தில் சேர்ந்து ஓட்டினார். பாரிஸ் ஒலிம்பிக்கில் 18-ஆவது இடம். வேலூர்ப் பக்கத்துக் காட்பாடியிலிருந்து கடலுக்கு வரும் ரயில் நம்ம ஆவடியைத் தாண்டித்தான் போகிறது. அங்கிருந்து வந்தவரே ஒலிம்பிக் போனார் என்றால், வழியில் இருக்கும் நமக்கு என்ன குறைச்சல்?

காசு கொடுத்து வேலை செய்யும் விடுமுறை, தெரியுமா?

இனி நார்வே! அந்த நாட்டில் தீவுகள் மட்டும் இரண்டு லட்சத்துக்கு மேல். தீவுகளின் கரைகளையும் சேர்த்து அளந்தால் கடற்கரை ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டும். பூமியை இரண்டு சுற்றுச் சுற்றியும் மீதி இருக்கும்! நம் தமிழ்நாட்டுக் கடற்கரை சுமார் 1,076 கிலோமீட்டர்.

அங்கே ஒரு சின்னத் தீவில் தங்கிப் பாய்மரம் ஓட்டும் விடுமுறை என்றால், சாய்வு நாற்காலியில் படுத்து இளநீர் குடிப்பது என்று நினைக்காதீர்கள். முன்பின் தெரியாத ஏழெட்டுப் பேர் ஒரு படகில் ஏறுவார்கள். ஒருவர் சுக்கான் பிடிக்க, இருவர் பாய்க்கயிறு இழுக்க, ஒருவர் வரைபடம் பார்க்க, ஒருவர் ஆடுகிற அடுப்பில் சூப் வைக்க, அடுத்த நாள் எல்லோருக்கும் வேலை மாறும். நேற்று கேப்டன் மாதிரி நின்றவர் இன்று பாத்திரம் தேய்ப்பார்! வீடு திரும்பும்போது உள்ளங்கை காய்த்திருக்கும், ஏழெட்டு முடிச்சுப் போடத் தெரிந்திருக்கும், ஆளுக்கு ஏழு சினேகிதர் சேர்ந்திருப்பார்கள்.

பொழுது சாய்ந்துவிடுமே என்ற பயமும் இல்லை. வடக்கே லோஃபோட்டன் தீவுகளில் மே கடைசியிலிருந்து ஜூலை நடு வரை சூரியன் மறைவதே கிடையாது! ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு படகு ஓட்டலாம். தங்க இடம்? ரோர்பு என்ற பழைய மீனவக் குடிசைகள் இப்போது விருந்தினர் விடுதிகள். இல்லாவிட்டால் கூடாரம்! 1957-இல் வந்த சட்டப்படி, வேலி போடாத இயற்கை நிலத்தில், குடியிருக்கும் வீட்டிலிருந்து 150 மீட்டர் தள்ளி, யார் வேண்டுமானாலும் இரண்டு ராத்திரி தங்கலாம். நிலக்காரரைக் கேட்கவும் வேண்டாம், வாடகையும் வேண்டாம். பட்டாவுக்கும் பத்திரத்துக்கும் அலைந்தவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள்!

உப்பே போடாத கருவாடு, தெரியுமா?

அதே லோஃபோட்டனில் இறங்கியதும் மூக்கில் ஏறுவது, காசிமேட்டுக்காரருக்குப் பழகிய வாசனை: கருவாடு! பிப்ரவரியிலிருந்து மே வரை காட் மீனை இரண்டிரண்டாக வாலில் கட்டி, பெரிய மரச்சட்டங்களில் தொங்கவிடுகிறார்கள். உப்பு கிடையாது, நெருப்பு கிடையாது. உறைந்தும் உறையாத அந்தக் குளிரும் கடற்காற்றுமே மீனைக் கட்டை மாதிரி உலர்த்திவிடும். கெடாமல் வருஷக்கணக்கில் நிற்கும். இத்தாலிக்கும் நைஜீரியாவுக்கும் கப்பலேறும். பாயை நிரப்பும் காற்றுதான் அங்கே கருவாட்டுக்கும் மாஸ்டர்!

நார்வே அரசர் தஞ்சாவூரோடு ஒப்பந்தம் போட்டார், தெரியுமா?

1814 வரை டென்மார்க்குக்கும் நார்வேக்கும் ஒரே அரசர். அப்படி ஆண்ட அரசர்களில் ஒருவரான நான்காம் கிறிஸ்டியானின் கப்பல்கள் 1618-இல் பாய் விரித்துக் கிளம்பி, ஆப்பிரிக்காவைச் சுற்றி, 1620-இல் நம் கரைக்கு வந்தன. தலைவர் ஓவ் கெட்டேவுக்கு அப்போது வயது 25-தான்! தஞ்சை ரகுநாத நாயக்கருடன் ஒப்பந்தம் போட்டு அவர்கள் பெற்ற ஊர் தரங்கம்பாடி. அங்கே எழுப்பிய டேனிஷ் கோட்டை இன்றும் அலையைப் பார்த்து நிற்கிறது. 1845-இல்தான் ஊரை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள்.

இன்னும் கேளுங்கள். 1788 முதல் 1806 வரை தரங்கம்பாடியின் ஆளுநராக இருந்த பீட்டர் ஆங்கர், அசல் நார்வேக்காரர்! ஆட்சி செய்த நேரம் போக, நம் ஊர்க் காட்சிகளைப் படமாக வரைந்து தள்ளினார். அவர் கொண்டுபோன சேகரிப்பு ஆஸ்லோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நாம் நார்வேயைப் படத்தில் பார்ப்பதற்கு இருநூறு வருஷம் முன்பே நார்வேக்காரர்கள் நம்மைப் படத்தில் பார்த்துவிட்டார்கள்!

நார்வேயில் கால்வைத்த தமிழர் படகுப் பட்டறை கொண்டுவந்தார், தெரியுமா?

யாழ்ப்பாணத்து அந்தோனி இராஜேந்திரம் 1956-இல் நார்வே போய்ச் சேர்ந்தார். அங்கே குடியேறிய தமிழர்களின் கதை அவரிடமிருந்துதான் தொடங்குகிறது. போனவர் ஊரை மறக்கவில்லை. நார்வே மக்களின் உதவியோடு சீ-நோர் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தார். யாழ்ப்பாணத்தை ஒட்டிய காரைநகர் என்ற சின்னத் தீவில் படகு கட்டும் பட்டறை, குருநகரில் வலைத் தொழிற்சாலை! பின்னாளில் போர் துரத்தியபோது ஈழத் தமிழர் பலர் நார்வேயின் வடகோடி வரை போய், மீன் பதனிடும் ஆலைகளில் வேலை செய்து பிழைத்தார்கள். தீவிலிருந்து தீவுக்குத் தொடர்ந்த உறவு!

உலகமே சொல்லும் தமிழ்ச் சொல், தெரியுமா?

கேட்டமரான்! ஒலிம்பிக்கில், விளையாட்டுச் சேனலில், உல்லாசப் படகு விளம்பரத்தில் கேட்டிருப்பீர்கள். நம்ம கட்டுமரமேதான்! சோழமண்டலக் கரையில் இதைக் கண்ட வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கில மாலுமி, 1697-இல் வெளிவந்த தன் பயண நூலில் எழுதிவைக்க, சொல் உலகம் சுற்றக் கிளம்பிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், இன்றைய கேட்டமரானுக்கு இரண்டு தனித்தனி உடல், நடுவே பாலம். நம் கட்டுமரமோ மரத்தை மரத்தோடு சேர்த்துக் கட்டிய மிதவை. பொருள் மாறியது, பெயர் நின்றது! 2013-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த அமெரிக்கா கோப்பைப் பந்தயத்தில் கேட்டமரான்கள் மணிக்கு 75 கிலோமீட்டரைத் தாண்டிப் பறந்தன. காற்றை மட்டும் நம்பி! நம்ம பூந்தமல்லி நெடுஞ்சாலையில் பஸ்ஸுக்கு அந்த வேகம் கனவிலும் கிடைக்குமா?

ஆணியே இல்லாத படகு, தெரியுமா?

துறைமுகம் வருவதற்கு முன் சென்னைக்கு வந்த கப்பல்கள் எல்லாம் தூரக் கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். கவர்னர் முதல் கடிதப்பை வரை கரை சேர்த்தது மசூலாப் படகு. பலகைக்குப் பலகை தென்னங்கயிற்றால் தைத்தது, ஒரு ஆணி கிடையாது! அலை மோதும்போது ஆணி அடித்த படகு விறைத்து நின்று உடையும். தைத்த படகு வளைந்து கொடுத்துத் தப்பிக்கும். ‘வளைவது உடையாது’ என்பதைத் தினம் தினம் நிரூபித்த படகு! இதே தையல் முறையில் கட்டிய கௌண்டின்யா என்ற பாய்மரக் கப்பலை 2025 மே மாதம் இந்தியக் கடற்படை சேர்த்துக்கொண்டது. அதற்கு மாதிரி எது தெரியுமா? அஜந்தா குகையில் தீட்டிய ஓர் ஓவியம்!

கடலில் வேகத்தை முடிச்சால் அளப்பார்கள், தெரியுமா?

பழைய மாலுமிகள் கயிற்றில் சம தூரத்தில் முடிச்சுப் போட்டு, நுனியில் பலகை கட்டிக் கடலில் எறிவார்கள். மணல் கடிகாரம் வடியும் 28 விநாடிக்குள் எத்தனை முடிச்சு கை வழியே ஓடுகிறதோ, அதுதான் வேகம். அதனால்தான் இன்றும் கடல் வேகத்துக்கு நாட் என்று பெயர். ஒரு நாட் என்றால் மணிக்கு 1.852 கிலோமீட்டர். படகின் வலப்பக்கத்துக்கு ஸ்டார்போர்ட் என்று பெயர் வந்ததும் வைக்கிங் காலத்து மிச்சம்: சுக்கான் துடுப்பை வலது ஓரத்தில் கட்டினார்கள், ‘சுக்கான் பக்கம்’ என்று பெயர் நின்றுவிட்டது. நம்மவர்கள் மட்டும் சளைத்தவர்களா? படகின் முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம்!

அக்கம்பக்கத்தார் விண்வெளியில் இருக்கும் இடம், தெரியுமா?

கோவாவில் திவார் என்றொரு ஆற்றுத் தீவு. அங்கே கட்டிய 56 அடிப் பாய்மரப் படகு தாரிணி. 2017-18-இல் கடற்படையின் ஆறு பெண்கள் அதில் 254 நாளில் உலகத்தைச் சுற்றினார்கள். அடுத்து 2024 அக்டோபர் 2-ஆம் தேதி இரண்டே இரண்டு பேர்: கோழிக்கோடு தில்னா, நம்ம புதுச்சேரி ரூபா! 238 நாள், 25,600 கடல் மைல். அதாவது 47,000 கிலோமீட்டருக்கு மேல்! 2025 மே 29-இல் கோவா திரும்பினார்கள். வழியில் தென் பசிபிக்கில் நெமோ முனை என்ற இடத்தைக் கடந்தார்கள். எந்தப் பக்கம் போனாலும் தரை 2,688 கிலோமீட்டர் தொலைவு. அங்கே நிற்பவருக்கு மிக அருகில் உள்ள மனிதர்கள், சில சமயம், சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் விண்வெளி நிலையத்துக்காரர்கள்தான்!

நம் மாநிலத்திலும் காற்றுத் தீவு உண்டு, தெரியுமா?

பாம்பன் தீவு! கோடையில் தென்மேற்குக் காற்று, மார்கழி, தை மாதங்களில் வடகிழக்குக் காற்று. ஒரு கரையில் அலை கொந்தளிக்கும்போது மறு கரை தட்டில் ஊற்றிய பால் மாதிரி கிடக்கும். ராமேசுவரம் பக்கம் இப்போது காற்றாடியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் சறுக்கும் விளையாட்டைக் கற்றுத் தருகிறார்கள். தீர்த்தமாட வந்தவர்கள் வாய் பிளந்து பார்க்கிறார்கள்!

கடலுக்குத் தண்ணீர் அனுப்புவதே நாம்தான், தெரியுமா?

கடைசியாக நம்ம வாசலுக்கு வருவோம். ஆவடி பருத்திப்பட்டு ஏரியில் 2019-இல் பசுமைப் பூங்கா திறந்து படகும் விட்டார்கள். பாய் இல்லை, மிதிபடகுதான். ஆனால் தண்ணீரின் மேல் ஆடுகிற பலகையில் நிலைகொள்ள உடம்பு பழகும் முதல் பள்ளிக்கூடம் அது! லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாதீர்கள். பாய்மரம் பழக நினைக்கும் பிள்ளைக்கு முதலில் நீச்சல் கற்றுக்கொடுங்கள். கோடை விடுமுறைக்கு முன்பே முகாம்களை விசாரியுங்கள்.

24 அடி ஆழச் செம்பரம்பாக்கம் நமக்குக் குடிதண்ணீர், அங்கே படகு கேட்க முடியாது. ஆனால் அது நிரம்பி வழிந்தால் அடையாறாகக் கடலுக்கு ஓடுகிறது. திருவேற்காட்டைத் தொட்டுக்கொண்டு போகும் கூவம், நேப்பியர் பாலத்தருகே, துறைமுகத்துக்குச் சற்றுத் தெற்கே கடலில் சேர்கிறது. அந்தத் தண்ணீரில் நாம் எறிந்த பாலித்தீனும் சேர்ந்தே போகிறது. பாய் விரித்து வரும் பிள்ளையின் சுக்கானில் வந்து சுற்றுவது நம் வீட்டு மளிகைப் பையாகவும் இருக்கலாம்!

மெட்ரோவின் நான்காம் வழித்தட வரைபடத்தைப் பாருங்கள்: 26.1 கிலோமீட்டர். ஒரு முனை பூந்தமல்லி. மறுமுனையின் பெயர் என்ன தெரியுமா?

கலங்கரை விளக்கம்!

நாளைக்குச் சாயங்காலம் டீக்கடை ஓரம் கொண்டல் வீசும்போது கிழக்கே ஒரு தரம் பாருங்கள். நாம் அனுப்பியது போய்ச் சேர்ந்துவிட்டது. பதிலுக்குக் கடல் அனுப்பியது வந்துகொண்டிருக்கிறது.